அச்செழுத்தின் இயல்பும் பயனும்

எழுத்தென்பது செவிக்குப் புலனாகும் ஒலிவடிவும் கண்ணுக்குப் புலனாகும் வரிவடிவும் என இருவகைத்து. இவற்றுள் ஒலிவடிவை உயிரென்று கொண்டால், வரிவடிவு அவ்வுயிர் தங்குதற்கமைந்த உடலென்று கொள்ளத் தகும். உடல் செவ்விதின் இயங்குங்கால் அதனை நினைப்பார் இலர். நோயுற்றபோதே, ‘உடல் ஒன்று உண்டு’ என்னும் நினைவு எழுகின்றது. அச்செழுத்தின் தன்மையும் இத்தகையதே. நல்ல அச்செழுத்தாலாய நூலைப் படிப்பவர் பொருளில் தோய்கின்றார், எழுத்தை நினைப்பதில்லை. எழுத்து குறையுடையதாயின், பொருளை விட்டு எழுத்தோடு போராடுகின்றார்.

விளக்கொளி பொருளைக் காட்டுகின்றது. அவ்வொளி தன்னையே காட்ட முற்படுமாயின் கண் கூசுமேயன்றிப் பொருள் விளங்காது. சிவஞான முனிவர் வழிநின்று சித்தாந்தம் பயின்றோர்க்குக் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்பன புதியன அல்ல. அவ்வுயர்ந்த பொருளை இச்சிறு பொருளோடு ஒப்பிடுதல் ஒருபுடை உவமையளவிற்றே. ஆயினும் தான் மறைந்து நின்று பிறிதொன்றைக் காட்டுதலே அச்செழுத்தின் இயல்பும் பயனும் என்பதனை விளக்குதற்கு வேறோருவமை வேண்டுவதில்லை.

மேற்றொடர்ச்சி மலையின் அடியிலே, இப்போது தென்காசி மாவட்டத்தைச் சார்ந்ததாய் விளங்குவது சிவகிரி. பழைய சமீன் ஊர்களுள் ஒன்று அது. அதன் வழியே செல்லும் நெடுஞ்சாலை கிழக்கே மதுரைப் பக்கத்துத் திருமங்கலத்திலிருந்து வந்து, புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை என்னும் ஊர்களைக் கடந்து, மலையைத் தாண்டிக் கொல்லத்தைச் சென்றடைகின்றது. அக்கொல்லம் நகரிலேதான் 1578-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில், தமிழெழுத்தாலே அச்சிடப்பெற்றுக் கிடைத்துள்ள நூல்களுள் முதலதாகிய ‘தம்பிரான் வணக்கம்’ வெளிவந்தது. பதினாறு பக்கங்களையுடைய அச்சிறு நூலைத் தமிழிலாக்கியவர் முத்துக்குளித்துறையிலே வாழ்ந்த அண்டிரிக் அடிகளார் என்னும் போர்த்துகீசியத் துறவியார். இந்திய மொழிகளுள் தன் எழுத்தாலே முதற்கண் அச்சேறியது தமிழே. சிவகிரியார்க்கு அச்செழுத்தின் பிறப்பிடம் மலைக்கு அப்பாலுள்ள அண்டை வீடே என்று சொல்லலாம்.

அக்காலத்து அச்செழுத்து ஏட்டெழுத்தைப் பின்பற்றியே அமைந்தது. ஆகலின் ஏட்டெழுத்தின் இயல்பை முதலில் அறிதல் வேண்டும். பனையோலையிலே எழுத்தாணி கொண்டு எழுதுவார்க்குக் கோட்டைத் தடித்தும் மெலிந்தும் எழுத இயலாது. கூரிய முனை ஒரே அளவாகக் கீறிச் செல்லும். மெய்யெழுத்தின்மேற் புள்ளி வைத்தால் ஓலை பொத்துப்போம் என்னும் அச்சத்தாற் புள்ளியை விட்டனர். எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபாடின்றி எழுதப்பட்டன. காலும் ரகரமும் ஒன்றுபோலவே நின்றன. ஆகவே ‘கெட்டான்’ என்பதும் ‘கேட்டான்’ என்பதும் ஏட்டில் ஒரே வடிவின. பாட்டை ஆசிரியர்பாற் செவியாற் கேட்டு நெஞ்சிற் பதித்தவர்க்கு அவ்வேடு நினைவூட்டும் கருவியாய் அமைந்தது. கேளாதவர்க்கோ அது பூட்டிய பெட்டியே. வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டிலே எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாட்டை வரிவடிவிற் காட்ட வகுத்த முறை, பின்னர் அச்சின் துணையாலேயே நாடெங்கும் நிலைபெற்றது. மெய்க்குரிய புள்ளியும் அச்சினாலேயே தன் இடத்தை மீளப் பெற்றது. ஈயம் ஓலையைப்போற் கிழியாதன்றோ!

கொல்லத்து முயற்சிக்குப் பின் அத்தொழில் தமிழகத்தில் நெடுங்காலம் தொடர்ந்து நடவாது தளர்ந்தது. சீகன்பால்கு ஐயர் காலத்தில், செருமனி நாட்டு ஆலே நகரிலே வார்க்கப்பெற்ற தமிழெழுத்துக்கள் 1713-ஆம் ஆண்டிலே தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியனவாயிருந்தமையாற் காகிதம் பெரிதும் செலவாயிற்று. ஆகவே சிறிய எழுத்துக்களை இந்நாட்டிலேயே வார்த்து, 1715-ஆம் ஆண்டிலே கிறித்தவரின் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தனர். எழுத்தின் அளவை அழகு மட்டும் வரையறுப்பதில்லை; காகிதத்தின் விலையும் வரையறுக்கின்றது என்பதற்கு இது சான்று.

தமிழ்ப் புலவர் கைக்கு அச்சு வந்தது அதற்கும் ஒரு நூற்றாண்டு கழித்தேயாம். 1812-ஆம் ஆண்டிலே திருக்குறள் மூலமும் நாலடியார் மூலமும் சென்னையில் அச்சேறின. அவற்றை ஏடுகளோடு ஒப்பிட்டுப் பிழை களைந்து பதிப்பித்தவர் திருநெல்வேலி அம்பலவாணக் கவிராயர். பொருநை நாட்டார் ஒருவர் இத்தொண்டில் முற்பட நின்றமை நெல்லைச் சீமையார்க்குப் பெருமை தருவதாகும். 1835-ஆம் ஆண்டிலே அச்சுத்தொழிலைக் கட்டுப்படுத்திய சட்டம் நீக்கப்பட்ட பின்னர், இந்நாட்டவர் நடத்தும் அச்சுக்கூடங்கள் பலவாகப் பெருகின.

இனி அச்செழுத்தின் உருவ இலக்கணத்தைச் சிறிது நோக்குவாம். மேனாட்டு உரோம எழுத்துக்களிலே, கோடுகள் முடியுமிடந்தோறும் சிறு குச்சுப்போன்ற முனைகள் நீண்டிருத்தலைக் காணலாம். கி.பி. 113-ஆம் ஆண்டினதாகிய திராசன் வெற்றித்தூணின் கல்வெட்டிலேயே அம்முனைகள் செம்மையாக அமைந்துள்ளன. முனைகளோடு கூடிய அவ்வகை எழுத்தே பிற்காலத்து நூலச்சுக்கு உரியதாயிற்று. இலண்டனில் வாழ்ந்த காசுலன் என்பார் பதினெட்டாம் நூற்றாண்டில் வெட்டிய எழுத்தாலேதான் அமெரிக்கரின் விடுதலைச் சாற்றம் 1776-ஆம் ஆண்டிலே அச்சிடப்பட்டது. இலண்டன் ‘தைம்சு’ நாளிதழ் 1932-ஆம் ஆண்டிலே தனக்கென அமைத்துக்கொண்ட எழுத்தும் அம்மரபினதே. அம்முனைகள் படிப்பவரின் கண்ணை வரியின்வழியே ஈர்த்துச் செல்வன என்று அச்சுத்தொழிலார் நெடுங்காலமாகக் கருதி வந்துள்ளனர்.

தமிழெழுத்துக்கு அம்முனைகள் இயற்கையாக அமைந்தன அல்ல. ஆயினும் அவற்றின் தொழிலைத் தமிழில் வேறு உறுப்புக்கள் செய்கின்றன. எழுத்தின் தொடக்கத்துச் சுழியும், இறுதியில் நீண்டு வளையும் கோடும், மேலெழும் கொம்பும் விசிறியுமே கண்ணுக்குப் பற்றுக்கோடுகள். இவற்றோடு, ஏட்டில் இல்லாத ஓரியல்பு அச்சிலே சேர்ந்தது. அஃதாவது ஒரே எழுத்தினுள் ஒருபாற் கோடு தடித்தும் ஒருபால் மெலிந்தும் வருதல். எஃகு முனையிலே எழுத்தைச் செதுக்கி, அதனைச் செம்பில் அழுத்திப் பள்ளமாக்கி, ஈயமும் வெள்ளீயமும் அந்திமனியும் கலந்து உருக்கிய குழம்பை அதில் வார்ப்பர். அவ்வாறு செதுக்கினோர் உரோம எழுத்திற் பழகிய கையராதலின், அத்தடிப்பும் மெலிவும் தமிழுக்கும் வந்தன. வந்தபின் அவை அயலாய் நில்லாது தமிழோடு ஒன்றிவிட்டன. இன்றும் பழைய திருமுறைப் பதிப்பொன்றைப் பிரித்தவுடன், ‘இது நூல்’ என்னும் மதிப்பு உள்ளத்தில் எழுதற்கு அத்தடிப்பும் மெலிவும் காரணமாகின்றன.

சென்னை அமெரிக்க மிசன் அச்சுக்கூடத்தை நடத்திய அண்டு என்பார் தமிழெழுத்துக்களைச் சிறிதாகவும் தெளிவாகவும் அமைப்பதிலே பேருழைப்பு மேற்கொண்டவர். 1862-ஆம் ஆண்டிலே அவர் அச்சிட்ட வின்சுலோ அகராதி 67,000-க்கு மேற்பட்ட சொற்களை ஒரே தொகுதியில் அடக்கியது. எழுத்துச் சிறுத்தும் சுழி அடைபடாமலும் புள்ளி மறையாமலும் நின்றமையாலன்றோ அஃது இயன்றது! எழுத்தாணியால் ஏட்டில் எழுதின் எத்தனை சுமை ஓலை வேண்டுமென்பதை எண்ணுவார்க்கு இதன் அருமை புலனாகும்.

சைவவுலகிற்கு அச்செழுத்தின் பயனை முற்ற உணர்த்தியவர் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலரே. அவர் 1849-ஆம் ஆண்டிலே அச்சியந்திரம் வாங்கும்பொருட்டுத் தமிழகம் போந்தபோது, திருவாவடுதுறை ஆதீனத்தார் அவருக்கு ‘நாவலர்’ என்னும் பட்டம் அளித்தனர். நாவன்மைக்குப் பட்டம் பெற்ற அப்பெரியார் அச்சியந்திரத்தோடு ஊர் திரும்பினார் என்பது நினைக்குந்தோறும் இன்பந் தருவது. வண்ணார்பண்ணையில் அவர் நிறுவிய வித்தியாநுபாலன யந்திரசாலையிலிருந்தும், பின்னர்ச் சென்னையில் அமைத்த அச்சுக்கூடத்திலிருந்தும் பெரியபுராண வசனம் முதலாய நூல்கள் பல வெளிவந்தன. பிழையின்மையில் அவர் பதிப்புக்களுக்கு இருந்த மதிப்பு அளவிறந்தது. உரைநடையிலே நிறுத்தக் குறிகளை முறையாக வழங்கிப் பொருள் மயக்கத்தை நீக்கியதும் அவர் செய்த நன்மையாம்.

மரபான அச்செழுத்தின் பயன்களுள் தலையாயது, ஒரு பக்கத்திலேயே மூலத்தையும் உரையையும் பகுத்துக் காட்டுதல். ஏட்டிலே மூலமும் உரையும் ஒரே அளவாகத் தொடர்ந்து ஓடும். எங்கே மூலம் முடிந்தது, எங்கே உரை தொடங்கிற்று என்பதைப் பயிற்சியுடையாரே அறிவர். அச்சிலோ மூலம் பெரிய எழுத்தில் நிற்க, உரை அதனிற் சிறிய எழுத்தில் அமைய, அடிக்குறிப்பு அதனினும் சிறிதாய்க் கீழே அடங்குகின்றது. ஆசிரியர் வாக்கு எது, உரையாசிரியர் வாக்கு எது, பதிப்பாசிரியர் வாக்கு எது என்பதைக் கண்ணே பிரித்தறிகின்றது. 1920-ஆம் ஆண்டிலே நெல்லையில் தோன்றிய சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தாரின் பதிப்புக்களையும், தருமபுர ஆதீனத்தாரின் திருமுறை உரைப் பதிப்புக்களையும் பயின்றார் இவ்வுண்மையை நன்கறிவர்.

இனி, இவ்வெழுத்தைக் கோத்தவர் பட்ட பாட்டையும் எண்ணுதல் கடமையாகும். தமிழெழுத்து 247 என்பர். அவற்றுள் காலும் கொம்பும் தனித்து வருவனவாகலின், அவற்றுக்கெல்லாம் தனித்தனி அச்சு வேண்டுவதில்லை. ஆயினும் உகர ஊகாரம் ஏறிய உயிர்மெய்கள் முப்பத்தாறும் தனித்தனி வடிவின. இவற்றின்மேல் வடமொழிக்குரிய கிரந்த எழுத்துக்களும் சேரும். அச்சுக் கோப்பவர் பல அறைகளையுடைய பெட்டியின் முன்னே நாள்முழுதும் நின்று, ஒவ்வோரெழுத்தையும் விரலாற் பொறுக்கி, இடவலமாகத் திரும்பிய முகத்தோடு அதனைக் கோத்து நிறுத்தினார். ஈய எழுத்து பலகால் அழுத்தப்படத் தேயும். முதலில் மெலிந்த கோடு அறும், புள்ளி உதிரும். புள்ளி உதிர்ந்தால் மெய் உயிர்மெய்யாகிப் பொருள் கெடும். ஆகவே தேய்ந்த எழுத்தைக் களைந்து உருக்கிப் புதிது வார்த்துக்கொண்ட அச்சுக்கூடத்தாரே நன்னூல் வெளியிட்டனர்.

இப்பெட்டியின் சுமையைக் குறைத்தற்கு எழுந்தவற்றுள் ஒன்றே எழுத்துச் சீர்திருத்தம். பழைய அச்சிலே ணா, றா, னா என்னும் மூன்றும் தனிக்கால் பெறாது, எழுத்தின் இறுதிக்கோடே வளைந்து நெடிலாகும் வடிவின. அவற்றைச் சார்ந்த ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ என்பனவும் அவ்வாறே. ணை, லை, ளை, னை என்னும் நான்கும் முன்னே ஐகாரக் குறி பெறாது, மேலெழுந்த ஒரு வளைவோடு கூடியன. ஆகப் பதின்மூன்று. பெரியார் ஈ.வெ.ரா. 1935-ஆம் ஆண்டிலே தம் ‘குடி அரசு’ இதழில் இவற்றை மாற்றி வழங்கத் தொடங்கினார். 1978-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களிலே தமிழக அரசு இப்பதின்மூன்று எழுத்துக்களின் புதிய வடிவை ஏற்று ஆணை பிறப்பித்தது. கற்பார்க்கும் கோப்பார்க்கும் அம்மாற்றம் எளிமை பயந்தது என்பதில் ஐயமில்லை. ஆயினும் பழைய நூலுக்கும் புதிய கண்ணுக்கும் இடையே அன்று ஒரு மெல்லிய திரை விழுந்தது என்பதும் மறுக்கத்தக்கதன்று.

சிவகிரியிலே ஒரு வீட்டுத் திண்ணையில், எழுபது வயதைக் கடந்த முதியவரொருவர், தம் பாட்டனார் வாங்கிவைத்த பெரியபுராணப் பதிப்பை விரித்து, பள்ளியிற் பயிலும் பேர்த்தியை அருகிருத்திப் படிக்கச் சொல்லுகின்றார் என்று கொள்க. சிறுமி சில சொற்களைத் தடையின்றிப் படித்து, ஓரிடத்தில் நின்றுவிடுகின்றாள்.

“தாத்தா, இது என்ன எழுத்து? யானை தும்பிக்கையைத் தூக்கினாப்போல இருக்கே!”

“அது ‘லை’ம்மா. அந்தக் காலத்து லை. தும்பிக்கை தூக்கியிருந்தா ஐகாரம்னு வச்சுக்கோ.”

“இந்த ‘னா’வுக்குக் கால் எங்கே தாத்தா?”

“தனியாக் கால் கிடையாது. எழுத்தோட கடைசிக் கோட்டையே வளைச்சுக் கட்டியிருக்கு, பாரு.”

இவ்வளவே பாடம். அரைநாழிகைப் பொழுதில் அச்சிறுமி அப்பக்கத்தைத் தானே படிப்பாள். ஆனால் அருகிருந்து சொல்லத் தாத்தா இல்லாத வீட்டில் நிகழ்வது யாது? ‘இப்புத்தகம் படிக்க வரவில்லை, எழுத்தே வேறு’ என்று ஒதுக்குவர். ஒதுக்கிய நூல் பரணுக்குச் செல்லும். பரணிலிருந்து பழைய காகிதக்காரர் தராசுக்குச் செல்லும். பதின்மூன்று எழுத்துக்களை அறியாமையால் ஒரு குடும்பம் தன் முன்னோர் வைத்த செல்வத்தை நிறைவிலைக்கு விற்றுவிடும்.

இஃது மிகைப்படக் கூறுவதன்று. சிவகிரிக்கு அணித்தாய், சங்கரன்கோயில் செல்லும் வழியில், பால்வண்ணநாதர் எழுந்தருளிய கரிவலம்வந்தநல்லூர் உள்ளது. தென்காசிப் பாண்டியர் காலத்து அந்தாதிகள் பெற்ற தலம் அது. அங்கே பாண்டியர் தொகுத்துவைத்த ஏடுகள் இருந்தன என்று கேள்வியுற்றுச் சென்ற டாக்டர் உ.வே. சாமிநாதையரவர்கள், அவ்வேடுகள் பயனற்றனவென்று கருதப்பட்டு, விதிப்படி நெய்யில் தோய்த்துத் தீயில் ஆகுதி செய்யப்பட்டன என்று கேட்டுத் துடித்த செய்தியை எழுதிவைத்துள்ளார். ஏடுகளை எரித்தவர் பகைவரல்லர், படிக்க இயலாதவர். படிக்க இயலாத நூல் பழுதுபட்ட நூலாகவே தோன்றும். அன்று ஓலைக்கு நேர்ந்தது இன்று காகிதத்துக்கு நேராதிருத்தல் வேண்டும்.

இதற்கு வழி யாது? பழைய வடிவையே மீண்டும் எங்கும் வழங்குக என்பார் கூற்று நடைமுறைக்கு ஒவ்வாது. புதுவடிவில் ஒரு தலைமுறைக்கு மேற்பட்டார் கல்வி கற்றுவிட்டனர். பழைய நூல்களையெல்லாம் புதுவடிவில் மீள அச்சிட்டாற் போதும் என்பார் கூற்றும் முற்றும் பொருந்தாது. அச்சாகாமலே எஞ்சிநிற்கும் பழம்பதிப்புக்கள் பல. எனவே இரண்டும் வேண்டும்: எழுதுதற்குப் புதுவடிவு, படித்தற்கு இருவடிவும்.

ஈய எழுத்தும் அறைப்பெட்டியும் பெரும்பாலும் மறைந்து, கணிப்பொறியே எழுத்துக் கோக்கும் காலம் இது. இக்காலத்தின் கருவியே இதற்கு உதவியும் செய்கின்றது. 1991-ஆம் ஆண்டு முதல் வெளிவரும் யூனிகோடு என்னும் உலகப் பொதுக் குறிமுறையிலே தமிழும் இடம்பெற்றுள்ளது. அம்முறையில் எழுத்துக்குத்தான் எண் உண்டு, வடிவுக்கு இல்லை. ‘லை’ என்பது பழைய வடிவில் தோன்றினும் புதிய வடிவில் தோன்றினும் அதற்குரிய எண்கள் ஒன்றே. எவ்வடிவிற் காட்டுவதென்பது எழுத்துருவை அமைப்பவர் கையில் உள்ளது. ஆகவே ஒருமுறை பிழையறக் கோத்த திருமுறையை, வேண்டுவார்க்குப் பழைய வடிவிலும் புதிய வடிவிலும் அச்சிட்டளித்தல் இன்று அரிதன்று. உடல் மாறினும் உயிர் ஒன்றாதல் இங்கே கண்கூடு.

பதிப்பிப்போர் கருதத்தக்கது பிறிதொன்றும் உண்டு. கணிப்பொறியிலே எழுத்துருக்கள் அளவின்றிக் கிடைத்தலின், அட்டைக்கும் விளம்பரத்துக்கும் உரிய அலங்கார எழுத்துக்களைப் பாராயண நூல்களிலும் புகுத்துவாருளர். ஒதுவாரும் முதியோரும் கோயிலின் மங்கிய விளக்கொளியிலே கையில் ஏந்திப் படிக்கும் நூலுக்கு அஃது ஆகாது. தடிப்பும் மெலிவும் அளவோடமைந்து, சுழி அடைபடாது, புள்ளி தெளிவாய் நிற்கும் மரபெழுத்தே அதற்கு ஏற்றது. ஓர் அங்குலத்தை 72 கூறாக்கிய அளவிற்குப் பாயிண்டு என்பது பெயர். ஏனைய நூல்களுக்குப் 10 அல்லது 12 பாயிண்டு சாலும். பாராயண நூலுக்கு 16 பாயிண்டேனும் இருத்தல் நன்று. காகிதம் சிறிது மிகுதியாகும் என்று அஞ்சற்க. எழுத்தைச் சிறிதாக்கி மிச்சப்படுத்திய காகிதம் படிப்பாரின்றிக் கிடக்குமாயின் அதனினும் பெரிய வீண்செலவு வேறில்லை.

இல்லறத்தார் செய்யத்தக்கதோ இதனினும் எளிது. பதின்மூன்று பழைய எழுத்துக்களையும் ஒரு சிறு தாளில் எழுதி, அவற்றின் எதிரே புதுவடிவையும் எழுதி, வீட்டிலுள்ள பழைய நூலின் முதற்பக்கத்தில் ஒட்டி வைக்கலாம். திருமுறை வகுப்பு நடத்துவோர் ஒருநாட் பாடத்தை இதற்கென ஒதுக்கலாம். கோயில்களிலும் மடங்களிலும் உள்ள நூல்நிலையங்களிலே அத்தாளைச் சுவரில் தொங்கவிடலாம். பொருட்செலவு இல்லை, அரசாணை வேண்டுவதில்லை.

கொல்லத்திலே வார்த்த எழுத்து மலை கடந்து வந்து, தரங்கம்பாடியிலும் சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் திருந்தி, பூட்டிய பெட்டியாய்க் கிடந்த ஏட்டைத் திறந்து, கேள்விச் செல்வம் இல்லாதார்க்கும் திருமுறையைக் காட்டிற்று. காட்டிய அவ்வெழுத்தையே காணமாட்டாதவராய்ப் பிற்காலத்தார் ஆகிவிடலாகாது. சைவ நன்மக்கள் தத்தம் இல்லத்துப் பரணிலுள்ள பழம்பதிப்புக்களை இறக்கித் தூசி துடைத்து, பிள்ளைகளை அருகிருத்தி, அப்பதின்மூன்று எழுத்துக்களையும் சுட்டிக் காட்டுவாராக.